ஒரு கோடு காற்று

அப்பா நன்றாகத் தூங்குகிறார் என்று என் நாத்தனார் யோகேஸ்வரி பெருமையாகச் சொன்னாள். மாமா பகலில் தூங்கவே மாட்டார். நுரையீரல் கெட்டுப்போனவர், படுத்தால் மூச்சு முட்டும். நாற்காலியில் குந்தியபடி நாள் முழுக்க என்னைத் திட்டிக்கொண்டிருப்பார். காய்கறிப் பையை அப்படியே போட்டுவிட்டு அறைக்கு ஓடினேன். ஆக்சிஜன் மெஷினின் கண்ணாடிக் குழாய்க்குள் மிதக்கும் சின்ன உருண்டை ஒன்றாம் கோட்டில் நிற்க வேண்டும். ஐந்தில் நின்றது.

"யாரு இத ஏத்துனது?"

"நான்தான். அப்பா அந்தப் பாடு படுறாரு, நீ ஒரு கோடு வச்சிட்டு மார்க்கெட்டுக்குப் போயிட்ட. காத்துல கூடவா கஞ்சத்தனம்?"

மாதத்துக்கு ஒருமுறை சிங்கப்பூரிலிருந்து எல்லை தாண்டித் தம்போய்க்கு வருவாள். ஆரஞ்சுப் பையை மேசையில் வைப்பாள். பிறகு என் வீட்டில் குற்றம் தேடுவாள். போன தடவை சாம்பிராணி. வெள்ளிக்கிழமை புகை காட்டாத வீடு உருப்படுமா என்று கத்தினாள். சிகாமட் தோட்டத்தில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கூடத்திலேயே ஆயுளைத் தொலைத்த மனுஷனுக்கு இன்னும் புகை வேண்டுமாம்!

"அண்ணி, டாக்டர் சொன்னத எத்தன தடவ சொல்றது? உள்ள போற காத்து மட்டும் பிரச்சினை இல்ல. வெளிய போக வேண்டிய கெட்ட காத்து போக மாட்டேங்குது. ஆக்சிஜன் அதிகமாக் குடுத்தா அது ரத்தத்துலயே தங்கி ஆள மயக்கிடும்."

"ஆக்சிஜன் குடுத்து எவனாச்சும் செத்திருக்கானா? போ லா!"

மாமாவின் முகம் சிவந்து, கை கொதித்தது. கட்டிலில் கிடந்தவரை உலுக்கினேன். கண் திறக்கவில்லை. மெஷினில் காற்றைக் கூட்டிக் குறைக்கும் திருகைத் திருப்பப் போனேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். மோதிரம் தோலைக் கீறியது. ஒரே தள்ளு. கட்டிலின் கால்மாட்டில் போய் விழுந்தாள். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து செய்ய ஆசைப்பட்டது அது. கொஞ்சமும் வருத்தமில்லை.

உருண்டையை ஒன்றுக்கு இறக்கி, ஆம்புலன்ஸுக்குப் போன் செய்து, தலையணைகளை அடுக்கி மாமாவை நிமிர்த்தி உட்காரவைத்தேன். யோகேஸ்வரி தன் தம்பிக்கு, அதாவது என் புருஷனுக்கு, போனில் கத்தினாள்: "ரூபேன், உன் பொண்டாட்டி அப்பாவக் கொல்றா!"

"மாமா! கண்ணத் தொறங்க! மாமா!"

எவ்வளவு நேரம் கூப்பிட்டேனோ தெரியாது. தொண்டை கட்டிவிட்டது. கடைசியில் இமை அசைந்தது. உருண்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மகள் பக்கம் கையை நீட்டினார்.

"ஏத்திவுடும்மா... இவ காத்த... மிச்சம் புடிக்கிறா."

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது அவளுக்கு. "கேட்டியா?" என்று எழுந்து வந்தாள். நான் திருகுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, முதுகை மெஷினில் அழுத்திக்கொண்டேன். கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை.

"பாவி," என்றார் மாமா. திட்ட மூச்சு போதவில்லை. கெட்ட காற்று வெளியே போக ஆஸ்பத்திரியில் பழக்கியபடி உதட்டைக் குவித்து நீளமாக ஊதினார். அடுத்த மூச்சை இழுத்தார். "சண்டாளி." மறுபடி ஊதினார்.

"இன்னும் திட்டுங்க, மாமா," என்றேன்.

எங்கள் தம்போய் சந்துக்குள் ஆம்புலன்ஸ் சத்தம் நுழைந்தது. மாமா என்னை முறைத்தபடி உதட்டைக் குவித்தார்.