இனிஷியல் போட்ட நேதாஜி

எங்கள் தெருவில் ஐயாதுரை அண்ணாச்சி வீட்டுக்கு யார் போனாலும் அவர் மனைவி கிருபாபாய் காபி கொடுப்பாள். காபி வருவதற்குள் அண்ணாச்சியின் ஆல்பத்தைப் பார்த்து முடித்தாக வேண்டும். காஸ் சிலிண்டர் போட வந்தவனைக்கூட அவர் விட்டதில்லை. ஆல்பத்தில் இருப்பதெல்லாம் தலைவர்களின் கையெழுத்து. காமராஜர் ஒன்று, ராஜாஜி ஒன்று, மந்திரியும் எம்.பி.யுமாக ஒரு முப்பது. கடைசிப் பக்கத்தில், பிளாஸ்டிக் உறைக்குள், நேதாஜி.

அந்தப் பக்கம் வரும்போது அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொள்வார். நாமும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வேண்டும். வெளிறிய ரோஸ் நிறக் காகிதம். மேலே ஆங்கிலத்தில் ஒரு வரி வாழ்த்து. கீழே நீல மையில் ‘எம். சுபாஷ் சந்திர போஸ்’ என்று அதுவும் ஆங்கிலத்தில். 1983இல் பழைய பேப்பர் கடையில் ஒரு கட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டியதாம். அந்தக் கட்டையே தூக்கிக்கொண்டு வந்தவர், மற்றதையெல்லாம் மறுநாளே அதே கடையில் போட்டுவிட்டார். இதை அவர் சொல்ல மாட்டார். கிருபாபாய் சொன்னாள்.

ஊரில் யாரும் சந்தேகப்படவில்லை என்றால் அதற்கு அவர் பார்த்த வேலைதான் காரணம். ஸ்பின்னிங் மில்லில் முப்பத்தொரு வருஷம் டைம் கீப்பர். எண்ணூறு பேருடைய கையெழுத்தும் அவருக்கு மனப்பாடம். “ஆளைக் காட்ட வேண்டாம், கையெழுத்தைக் காட்டு. எவன்னு சொல்லுதேன்” என்பார். ரிட்டயர் ஆன பிறகு அவரிடம் மிச்சமிருந்த ஒரே கெத்து அதுதான்.

1997 ஜனவரியில் நேதாஜி நூற்றாண்டு வந்தது. இங்கே உள்ள அறக்கட்டளைக்காரர்கள் பள்ளிக்கூட மண்டபத்தில் கண்காட்சி வைக்கிறோம் என்றார்கள். ‘நேதாஜியின் கையெழுத்தை நேரில் காண வாரீர்’ என்று சிவப்பு எழுத்தில் நோட்டீஸ். அடியில் அண்ணாச்சியின் பெயர். கண்காட்சி முடிந்ததும் கையெழுத்தைக் கண்ணாடிப் பெட்டியோடு பள்ளி நூலகத்திலேயே வைத்து, பெட்டியில் அவர் பெயரைப் பொறிப்பதாகவும் பேச்சு. அண்ணாச்சியின் நடையே மாறிவிட்டது. பால் வாங்கப் போவதற்குக்கூட சலவைச் சட்டை.

ஒரே ஒரு சடங்கு பாக்கி. விவரம் தெரிந்த ஒருவர் ‘இது அசல்தான்’ என்று எழுதித் தர வேண்டும் என்றார் அறக்கட்டளைச் செயலாளர் சுந்தரபாண்டியன். விவரம் தெரிந்தவர் என்றால் ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கம் வாட்ச் கடை வைத்திருக்கும் சாகுல் ஹமீது. வாட்ச் ரிப்பேர் பிழைப்புக்கு. பழைய தபால் தலை, நாணயம், கடிதம் இதெல்லாம் ஆசைக்கு. மதுரையிலிருந்தெல்லாம் அவரிடம் ஆள் வரும்.

“என் மூட்டு கேக்கலக்கா. நீங்க கூடப் போயி என்ன நடக்குன்னு பாத்துட்டு வாங்க” என்றாள் கிருபாபாய். ஒருவர் இவ்வளவு கேட்கும்போது எப்படி மறுப்பது? அண்ணாச்சியோடு அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.

சாகுல் ஹமீது கண்ணில் வாட்ச் லென்ஸை மாட்டிக்கொண்டு ஆல்பத்தைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். காமராஜருக்குத் தலையாட்டினார். ராஜாஜிக்கும் ஆட்டினார். கடைசிப் பக்கத்தில் தலை ஆடவில்லை.

“அண்ணாச்சி, ரோஸ் பேப்பரா இருக்கே?”

“வெளிநாட்டுப் பேப்பர், பாய். ஜப்பானா இருக்கும்.”

“சரி. இந்த எம் எதுக்கு?”

“என்ன பாய் இப்படிக் கேக்கீய? இனிஷியல் இல்லாம ஒரு மனுசன் கையெழுத்துப் போடுவானா? என் ரிஜிஸ்டர்ல இனிஷியல் இல்லேன்னா நான் ஆப்சென்ட் போட்டிருவேன்.”

“எம்னா யாரு?”

“அவிய அப்பா. மோதிலால்.”

சாகுல் ஹமீது லென்ஸைக் கழற்றிக் கீழே வைத்தார். “மோதிலால்ங்கிறது நேருவோட அப்பா, அண்ணாச்சி. இவிய அப்பா ஜானகிநாத். அப்படியே வச்சாலும் ஜேதான் வரணும். ஆனா வங்காளத்துக்காரவுக நம்மளை மாதிரி அப்பா பேரை முன்னால போடமாட்டாவ. போஸ்ங்கிறதே குடும்பப் பேருதான். முன்னால இனிஷியல் போடுதது நம்ம பக்கத்து ஆளு.”

“நம்ம பக்கத்துல ஏது போஸ்?”

“ஏதா? இந்தத் தெருவுல மட்டும் மூணு பேரு இருக்கான். அந்தக் காலத்துல ஆம்பளப் பிள்ளை பொறந்தா வீட்டுக்கு ஒரு போஸ்னு வச்சுத் தள்ளிருக்காவளே. இது பள்ளிக்கூடம் முடிக்கையில பிள்ளைக ஒருத்தருக்கொருத்தர் எழுதிக் குடுக்குமே, ஆட்டோகிராஃப் நோட்டு, அதுல கிழிச்ச தாளு. அதுலதான் ரோஸு, பச்சை, மஞ்சள்னு கலர் கலரா பக்கம் வரும்.”

கடையில் இருந்த கடிகாரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் சத்தமாக ஓடுவது போல இருந்தது. அண்ணாச்சி என் பக்கம் திரும்பவே இல்லை.

“நான் எழுதித் தர ஏலாது. ஆனா என் வாயிலருந்து ஒருத்தருக்கும் போகாது” என்றார் சாகுல் ஹமீது. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். எதற்கு என்னைப் பார்த்தார் என்று இன்றுவரை தெரியவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அண்ணாச்சி ஆல்பத்தை மடியில் கவிழ்த்து வைத்திருந்தார். பாதி வழியில், “நீ சொல்லிருவல்ல?” என்றார்.

“ஐயோ, நான் எதுக்கு அண்ணாச்சி சொல்லப்போறேன்!” என்றேன். மனதாரத்தான் சொன்னேன். கிருபாபாய் ஒருத்தியிடம் மட்டும் சொல்வதாக இருந்தேன். அவள் கேட்டால் பொய் சொல்ல முடியுமா?

ஆனால் எனக்கு அந்தப் பாக்கியம் இல்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் அவரே மனைவியிடம் சொல்லிவிட்டார். மறுநாள் காலை சுந்தரபாண்டியனை வரச்சொல்லி அவரிடமும் சொன்னார். நான் அந்த நேரம் கறிவேப்பிலை கேட்கப் போயிருந்தேன்.

சுந்தரபாண்டியனுக்கு முகம் வியர்த்துவிட்டது. “நோட்டீஸ் ரெண்டாயிரம் அடிச்சாச்சு அண்ணாச்சி. வத்திராயிருப்பு வரைக்கும் ஒட்டியாச்சு. பேசாம உள்ள வச்சிருவோம். போஸ்னுதான எழுதியிருக்கு? எவன் வந்து இனிஷியலைப் பாக்கப்போறான்?”

“ஒருத்தன் பேருக்கு இன்னொருத்தன் கையெழுத்துப் போட்டா மில்லுல என்ன செய்வோம் தெரியுமா?”

“இது மில்லு இல்லியே.”

“மூணு பேரை வேலையை விட்டு அனுப்ப ரிப்போர்ட் எழுதினவன் நான். அதுல ஒருத்தன் என் காலைப் பிடிச்சு அழுதான். அவனுக்கு ஒரு ஞாயம், எனக்கு ஒரு ஞாயமா?”

“அப்ப பெட்டியில பேரு?”

“வேண்டாம்.”

கிருபாபாய் என் கையில் கறிவேப்பிலையைத் திணித்து வாசல் பக்கம் தள்ளினாள்.

ஜனவரி இருபத்து மூன்று. நோட்டீஸைத் திரும்ப வாங்க முடியாதே, அதனால் கூட்டம் வந்தது. காமராஜரும் ராஜாஜியும் ஓரத்து மேஜையில் இருந்தார்கள். நடுவில் கண்ணாடிப் பெட்டி காலி. அண்ணாச்சி அதன் பக்கத்தில் நின்றுகொண்டு, கேட்ட ஒவ்வொருவரிடமும் “நான் ஏமாந்துட்டேன். அது வேற போஸ்” என்று தன் வாயாலேயே சொன்னார். சிலர் சிரித்தார்கள். மில்லில் அவரிடம் ஆப்சென்ட் வாங்கிய ராக்கப்பன், “என்ன டைம் கீப்பரே, நேதாஜி இன்னைக்கு லீவா?” என்று கேட்டுவிட்டுப் போனான். அண்ணாச்சி அதற்கும் தலையாட்டினார்.

யாரும் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. போஸ்களாக வந்தார்கள். தங்கள் பெயர்க்காரரின் கையெழுத்தைப் பார்க்க அவர்களுக்கு இருக்கும் ஆசை வேறு யாருக்கு இருக்கும்? சேத்தூரிலிருந்து ஒரு போஸ். லாரி ஓட்டும் ஒரு போஸ். மத்தியானத்துக்குள் ஆறு பேரை எண்ணினேன். ஏழாவதாக வந்தவருக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். காக்கிச் சட்டை. பிளவக்கல் அணையில் வேலையாம். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். பார்த்தவர் சட்டைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்து, பதிவேட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“தம்பி, இது நீங்க போட்டதா?”

காக்கிச் சட்டைக்காரர் வெகுநேரம் பார்த்தார். “பதினொண்ணாங் கிளாஸ் முடிச்ச வருசம். ரோஸ் பக்கமாத் தேடி எழுதினேன்” என்றார். பிறகு, “இது உங்களுக்கு எப்படி?”

“பழைய பேப்பர் கடையில கெடந்துது.”

“ஓ. எடைக்குப் போட்டுட்டாவளா.”

மண்டபத்தில் அத்தனை சத்தத்திலும் அது எனக்குக் கேட்டது.

அண்ணாச்சி தயங்கினார். ஆல்பத்துக்குள் போன எதையும் அவர் வெளியே கொடுத்ததில்லை. “உங்களதுதான. எடுத்துக்கிடுங்க” என்று நீட்டினார்.

“வேண்டாம் அண்ணாச்சி. நீங்கதான உறை போட்டு வச்சிருக்கீய. நீங்களே வச்சுக்கிடுங்க.”

அண்ணாச்சி பெட்டியைத் திறந்தார். அந்தத் தாளை நடுவில் வைத்தார். ஒரு அட்டையில் ‘எம். சுபாஷ் சந்திர போஸ், பிளவக்கல் அணை’ என்று குண்டு குண்டாக எழுதி முன்னால் சாய்த்தார். சுந்தரபாண்டியன் ஓடிவந்தார்.

“அண்ணாச்சி, இது தலைவர்கள் கண்காட்சி!”

“கையெழுத்துப் போட்ட ஆளு இந்தா நிக்காரு. இங்க இருக்கிற வேற எதுக்காவது இப்படிச் சாட்சி இருக்கா? சாகுல் ஹமீது பாயை வேணும்னாலும் கூட்டிட்டு வாங்க.”

சாயங்காலம் வரை அந்தப் போஸ் பெட்டியின் பக்கத்திலேயே நின்றார். பார்க்க வந்தவர்கள் அட்டையைப் படிப்பார்கள், அவரைப் பார்ப்பார்கள், மறுபடியும் அட்டையைப் படிப்பார்கள். ஒன்றிரண்டு பேர் கைகூட குலுக்கினார்கள். வத்திராயிருப்பு பஸ் போய்விடும் என்று கிருபாபாய்தான் அவரைக் கிளப்பினாள்.

அதற்குள் அந்த ஆட்டோகிராஃப் நோட்டு யாருடையது என்று அவரிடம் நான் மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் அவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார்.