நட்டு பாதிதான் ஏறியிருந்தது

மூன்று கை மாறி வந்த பைக் அது. முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்கு ஒரு குறையும் தெரியாது. பின்னால் உட்காருகிற மனைவிதான் ஒவ்வொரு பள்ளத்திலும் அரையடி எழும்பி, முதுகெலும்பு நொறுங்க மறுபடி சீட்டில் விழுந்தாள்.

"கொஞ்சம் மெதுவா போங்களேன்."

"வண்டி நல்லாத்தான் இருக்கு. நீ ஏறினதும் கும்பிடு போடுது. உன் வெயிட் அப்படி." சிக்னலில் நிற்கும்போதுதான் இதைச் சொல்வான், பக்கத்து வண்டிக்காரருக்கும் காதில் விழுகிற மாதிரி.

பேச்சுதான் அவன் தொழில். இன்சூரன்ஸ் ஏஜென்ட். சாவைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்கப் பேசியே கையெழுத்து வாங்கிவிடுவான். வீட்டுக்கு வந்தால் அந்த வாய்க்குத் தீனி அவள்.

அவள் ஆயத்த ஆடை ஆலையில் செக்கர். தைத்து வரும் சட்டையைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே விரலால் தடவி, விட்டுப்போன தையலைச் சொல்லிவிடுவாள். ஒருநாள் பைக்கைத் துடைக்கும்போது பின் ஷாக் அப்சார்பரின் தண்டில் அந்த விரல் பட்டது. எண்ணெய். இரண்டு பக்கமும் ஒழுகியிருந்தது. தண்டைச் சுற்றியிருந்த ஸ்பிரிங் மட்டும் பழுதில்லாமல் கல்லு மாதிரி இருந்தது.

தெருமுனை மெக்கானிக் ஜோடியாகப் புதுசு போடவேண்டும் என்றார். வீட்டில் சொன்னாள்.

"பின்னாடி உக்கார்றவளுக்காக யாராவது வண்டியில கை வைப்பாங்களா? உக்கார்றவளை மாத்திட்டா வேலை சுலபமா முடிஞ்சிடும்" என்றான். தன் நகைச்சுவையைத் தானே ரசித்து, அன்றைக்கே நாலு பேருக்கு போனில் சொன்னான்.

ஒரு வாரம் மதிய இடைவேளையில் சாப்பிடாமல் பழைய இரும்புக் கடைக்குப் போய்வந்தாள். முன்பக்கம் நசுங்கிய அதே மாடல் வண்டி ஒன்றிலிருந்து கழற்றிப் போட்ட ஒரு ஜோடி கிடைத்தது. ஸ்பிரிங்குகள் துருப்பிடித்திருந்தன, ஆனால் தண்டில் நகத்தால் கீறிப் பார்த்தால் எங்கேயும் தடுக்கவில்லை. தரையில் ஊன்றி அழுத்தினால் அவசரப்படாமல் நிதானமாக மேலே வந்தது. தன் வண்டியின் ஸ்பிரிங்கைக் கழற்றி இந்தத் தண்டில் மாட்டிவிட்டால் போதும் என்று அவளுக்குப் புரிந்தது.

அதில்தான் ஆபத்தும் இருந்தது. ஸ்பிரிங்கை நெருக்கி அமுக்கினால்தான் அதன் தலையைப் பூட்டியிருக்கும் இரண்டு பிறைத் துண்டுகளை எடுக்க முடியும். லேத் பட்டறையில் கெட்டியான இரண்டு தகடுகளுக்குத் துளை போட்டு வாங்கினாள். ஸ்பிரிங்கின் மேலும் கீழும் தகடு, இரு பக்கமும் நீளமான போல்ட். இந்தப் பக்கம் ஒரு சுற்று, அந்தப் பக்கம் ஒரு சுற்று என்று சமமாக முடுக்கவேண்டும். முதல் ஷாக் அப்சார்பரை முடிக்க ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. மாட்டி முடித்ததும் அதைக் கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிப் பார்த்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு காலை இரண்டாவதை எடுத்தாள். இடது நட்டை முடுக்கிவிட்டு, வலது நட்டில் ஸ்பானரை வைத்த நேரம் கணவன் உள்ளே வந்தான். கூடவே அவன் சிநேகிதன், கண்ணாடிக் கடைக்காரன்.

"பாருடா எங்க இன்ஜினியரம்மாவை. உன் கடைக்கு வேணும்னா கூட்டிட்டுப் போ. சோறு மட்டும் போட்டா போதும். ஆனா உன் கடை தாங்காது."

கண்ணாடிக் கடைக்காரன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.

"தள்ளு. ஒரு ஸ்பிரிங்கைக் கழட்ட ரெண்டு வாரமா?" கணவன் அவளை முழங்காலால் ஒதுக்கிவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். ஸ்க்ரூடிரைவரை எடுத்து, முகத்தை ஸ்பிரிங்குக்கு நேர் மேலே கொண்டுபோனான்.

"அந்த நட்டு..."

"நீ வாயை மூடு. டேய், போட்டோ எடு."

அவள் மூடிக்கொண்டாள்.

வலது பக்கம் நட்டு பாதிதான் ஏறியிருந்தது. தகடு சாய்ந்து நின்றது. அவன் நெம்பினால் என்ன ஆகும் என்று அந்த அறையில் இருந்த மூன்று பேரில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். ஒரு வார்த்தைக்கு நேரம் இருந்தது. தோளைப் பிடித்து இழுக்கவும் நேரம் இருந்தது. அவள் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

அவன் நெம்பினான். ஸ்பிரிங் தெறித்த சத்தம் கதவை அறைந்த மாதிரிதான் இருந்தது. அவன் கத்தக்கூட இல்லை. கத்துவதற்கான இடம்தான் உடைந்திருந்தது.

தாடையில் இரண்டு முறிவு. மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டி, ஆறு வாரம் வாயைத் திறக்கவே கூடாது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி நடைபாதையில் உட்கார்ந்து, தன் மனசுக்குள் எங்கேயாவது உறுத்துகிறதா என்று அவள் தடவிப் பார்த்தாள். உறுத்தியது. ஆனால் இவ்வளவுதானா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஸ்பிரிங்கில் காய்ந்திருந்த ரத்தத்தை மண்ணெண்ணெயில் கழுவி, இரண்டாவதையும் தானே முடித்தாள். இப்போது வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறுவதே தெரியவில்லை. அவனைப் பின்னால் உட்காரவைத்து, ஆஸ்பத்திரிக்கு அவளே ஓட்டிப்போனாள். சிக்னலில் திரும்பி, "என்னங்க, பேச்சையே காணோம்?" என்று உரக்கக் கேட்டாள். பக்கத்து வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

கண்ணாடிக் கடைக்காரன் பார்க்க வந்த அன்று கணவன் உறிஞ்சுகுழலில் சூப் குடித்துக்கொண்டிருந்தான்.

"உங்க சிநேகிதர் ரொம்ப நல்லவராயிட்டார். மூணு வாரமா ஒரு பொய் சொல்லலை" என்றாள்.

கண்ணாடிக் கடைக்காரன் அதே மாதிரி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். கணவன் நோட்டை இழுத்து 'போதும்' என்று எழுதிக் காட்டினான்.

"போதுமாம். சூப்பா, நானா? தெளிவா எழுதினாத்தானே தெரியும்!"

இன்னும் சிரிப்பு. அவன் கண்ணில் நீர் முட்டி, சூப் தாடை வழியாகச் சட்டையில் வழிந்தது. அவள் துடைத்துவிட்டாள். இது இவ்வளவு இனிக்கிறதே என்று ஒரு கணம் அவளுக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் மறுநாள் வந்தவர்களிடமும் அதையே சொன்னாள்.

கம்பியைப் பிரித்த மூன்றாம் நாள், அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அவன் பைக்கை விற்றான். வாங்கிக்கொள்ள ஆபீஸ் மேனேஜர் வீட்டுக்கே வந்தார். ஒரு சுற்றுப் போய்வந்து, சீட்டை அமுக்கி அமுக்கிப் பார்த்தார்.

"என்னப்பா, மெத்தை மாதிரி இருக்கு! எந்தப் பட்டறையில பண்ணினே?"

"பட்டறையா? நானே சார், வீட்டுலயே. அதுலதானே தாடை போச்சு." குரல் கொஞ்சம் குழறினாலும் பழைய மிடுக்கு வந்துவிட்டிருந்தது. "இவன்தான் சாட்சி."

பக்கத்தில் நின்ற கண்ணாடிக் கடைக்காரன் தலையாட்டினான்.

மேனேஜர் அவள் பக்கம் திரும்பினார். "நீங்க ஒண்ணும் உதவி பண்ணலியாம்மா?"

"நான் என்ன சார் பண்ணேன்? நட்டு சரியா ஏறலைன்னு தெரிஞ்சுது. வாயை மூடுன்னார். தள்ளி நின்னு பார்த்துட்டிருந்தேன்."

மேனேஜர் வேடிக்கையாக எடுத்துக்கொண்டு சிரித்தார். கணவன் சிரிக்கவில்லை. அவள் முகத்தையே பார்த்தான். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை.

சாவியை வாங்கிக்கொண்டு மேனேஜர் போனார். சிநேகிதனும் கிளம்பினான். அவள் இருவருக்கும் தட்டு வைத்துச் சோறு போட்டாள். அவன் தன் சோற்றைக் கிளறினான், மோந்து பார்த்தான், அவள் ஒரு வாய் விழுங்கும்வரை பார்த்திருந்தான், பிறகு அவள் தட்டிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தின்றான். அன்றிலிருந்து வீட்டில் அவன் அப்படித்தான் சாப்பிட்டான்.