பச்சைக் கோட்டின் மிச்சம்

தையல்கடைக்காரர்களின் வாயிலிருந்து கேட்காமலே வந்து விழும் ஒரு வாக்கியம் உண்டு. "துணி மிச்சமே இல்லங்க, சரியாப் போச்சு." பெரியவளும் கடை போட்ட பதினாலு வருஷமாக அதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். அது பொய்யில்லையா என்று யாராவது கேட்டால் சண்டைக்கு வந்துவிடுவாள். நாலு விரல் அகலத் துண்டுகளெல்லாம் ஒரு துணியா, அதைக் கொடுத்தால் கொண்டுபோய் என்ன செய்வார்களாம்? மிஷினுக்கு அடியில் ஒரு மூட்டை இருந்தது. மிச்சமெல்லாம் அதற்குள் போகும். போனது போனதுதான்.

அந்த மூட்டையிலிருந்துதான் அவள் தங்கச்சி சின்னவளுக்குக் கைப்பை பிறந்தது. சின்னவள் பள்ளிக்கூடத்தில் தற்காலிக டீச்சர். இரண்டு வருஷமாக நிரந்தரம் ஆகுமா ஆகாதா என்று உயிரை வாங்கிக்கொண்டிருந்த வேலை. வருகிற வெள்ளிக்கிழமை காலை தலைமை ஆசிரியை அறைக்கு வரவேண்டும் என்று ஆள் வந்து சொன்னதும், அவளுக்கு முதல் கவலை கையில் எதைப் பிடித்துக்கொண்டு போவது என்பதுதான். கருப்பு வெள்ளைப் படங்களில் வரும் பெண்கள் முழங்கையில் மாட்டியிருப்பார்களே, விறைப்பாக, குட்டைக் கைப்பிடியோடு, டக்கென்று மூடுமே, அப்படி ஒன்று வேண்டுமாம்.

"கடையில போய் வாங்கேன்டீ."

"கடைல விக்கிறது எல்லார் கைலயும் இருக்கும். நீ தைச்சுக் குடுக்கா. நீ தைச்சா ராசி."

இப்படி ஐஸ் வைத்தால் பெரியவள் உருகாமல் என்ன செய்வாள்? மூன்று மத்தியானம் உட்கார்ந்தாள். வெளிப்பக்கத்துக்குக் கரும்பச்சைக் கம்பளித் துணி, அதில் மெலிதாக மஞ்சள் கட்டம். மூட்டையின் அடியில் கைக்கு அகப்பட்டது. உள்துணிக்குக் கம்பி ஒடிந்த குடையின் துணி. பை தொளதொளக்காமல் நிற்க, யாரும் யோகா செய்யாத யோகா பாயை வெட்டி நடுவில் வைத்தாள். கைப்பிடிக்குத் தன் வீட்டுக்காரர் தொப்பை போட்டதால் கைவிட்ட தோல் பெல்ட். வாய்க்கு, பிய்ந்துபோன ஒரு பழைய பையிலிருந்து கழற்றிய உலோகச் சட்டம். உள்துணியில் விட்டிருந்த கையகல ஓட்டை வழியாகப் பையைப் புரட்டி இழுத்து, அந்தச் சட்டத்தைத் துணியோடு சேர்த்துக் கையாலேயே தைப்பதற்குள் இரண்டு ஊசி ஒடிந்தது, ஒரு விரல் வீங்கியது. கடைசியில் ஓட்டையை மூடித் தைத்துவிட்டுச் சட்டத்தை அழுத்தினாள். டக். அவளுக்கே பெருமை தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்குச் சின்னவள் பையை மாட்டிக்கொண்டு நடந்த நடைக்குத் தெருவே திரும்பிப் பார்த்தது. பெரியவள் சிரித்துக்கொண்டே உள்ளே வந்து, யாரோ ஒருத்தியின் அளவு தேடி ரசீதுப் புத்தகத்தைப் புரட்டினாள். ஒவ்வொரு உருப்படிக்கும் துணியில் ஒரு நறுக்கு வெட்டி ரசீதோடு பின் அடித்து வைப்பது அவள் வழக்கம். துணி மாறிப்போகாமல் இருக்க அப்படி. மூன்று மாதத்துக்கு முந்தைய ஒரு பக்கத்தில் கரும்பச்சை. மெலிதாக மஞ்சள் கட்டம். பக்கத்தில் அவள் கையெழுத்திலேயே, 'அடிஸ்கேல் மேடம் - கோட் - அவசரம்.'

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

அடிஸ்கேல் என்பது தலைமை ஆசிரியைக்குப் பிள்ளைகள் வைத்த பெயர். கணக்கு டீச்சராக இருந்து மேலே வந்தவர், நடையும் பேச்சும் கோடு போட்டது போல இருக்கும். கோட்டை வாங்கும்போது அவர் கேட்டது பெரியவளுக்கு இப்போது வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் வந்து தொலைத்தது. "இதே துணியில ஒரு பெல்ட் தைக்க முடியுமாம்மா?" மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் இவள் முகத்தைப் பால் போல வைத்துக்கொண்டு, ஒரு நூல்கூட மிச்சமில்லை என்றாள். அன்றைக்குக் கடையில் கூட்டம், பெல்ட் தைக்க நேரமில்லை. அதோடு, உண்மையைச் சொன்னால், துணி நல்ல துணி.

இப்போது அந்தத் துணி, திருடியவளின் தங்கச்சி கையில் ஊஞ்சலாடிக்கொண்டு அந்த அம்மாளின் அறைக்குள்ளேயே போய்க்கொண்டிருக்கிறது. கையெழுத்துப் போடும் பேனா அவர் கையில். அடப் பாவி, என் வாயாலேயே அவ சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டேனே என்று பெரியவள் வாய்விட்டே சொன்னாள். போன் அடித்தால் சின்னவள் எடுக்கவில்லை. மாற்றிக் கொடுக்க ஒரு சாதாரணத் துணிப்பையைப் பிடுங்கிக்கொண்டு, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஓடினாள். கழுத்தில் அளவு டேப் தொங்கியதுகூடத் தெரியவில்லை.

பள்ளிக்கூட வாசலில் காவலாளி மறித்தார். "யாரைப் பாக்கணும்?"

"என் தங்கச்சி, உள்ள, பை..." மூச்சு வாங்கியது.

"பையன் எந்த வகுப்பு?"

பதில் சொல்ல நின்றால் ஆகாதென்று அவள் பாட்டுக்கு உள்ளே நுழைந்தாள். தலைமை ஆசிரியை அறைக் கதவு திறந்தே கிடந்தது. மேசைக்கு இந்தப் பக்கம் சின்னவள். மேசை மேல், நட்டநடுவில், பை. தலைமை ஆசிரியை மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து அந்த மஞ்சள் கட்டத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் நாற்காலி முதுகில் அவருடைய பச்சைக் கோட் தொங்கியது.

பெரியவள் கதவருகிலேயே நின்றுவிட்டாள். கையும் களவுமாக என்பார்களே, அதுதான். துணிப்பையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு திருட்டு முழி முழித்தாள். அப்புறம் எங்கிருந்து வந்ததோ, எல்லாம் கொட்டிவிட்டது.

"மேடம், அவளுக்கு ஒண்ணுமே தெரியாது மேடம். நான்தான் எடுத்தேன். அன்னிக்கு மிச்சமில்லன்னு சொன்னது பொய். துணி இருந்துச்சு. பெல்ட்டுக்குத் தாராளமா இருந்துச்சு. என்னைத் திட்டுங்க, இனிமே என் கடைப் பக்கமே வராதீங்க, ஆனா அவ வேலையில மட்டும் கை வச்சிடாதீங்க."

சின்னவள் அக்காவைப் பார்த்த பார்வை இருக்கிறதே, எரித்துவிடும். "அக்கா! வேலை நிரந்தரம்னு ஆர்டர் எட்டரைக்கே குடுத்துட்டாங்க. மேடம் பை நல்லாருக்குன்னு பாத்துட்டிருந்தாங்க. அவ்வளவுதான்."

அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டாள் பெரியவள். பாதி மூச்சு. மீதி தொண்டையில் நின்றது, ஏனென்றால் தலைமை ஆசிரியை எழுந்துவிட்டார்.

"எவ்வளவு இருந்துச்சு?"

"மேடம்?"

"மிச்சம். எவ்வளவு?"

"நாப்பது சென்டிமீட்டர் மேடம். முழு அகலத்துக்கும்."

தலைமை ஆசிரியை அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். கோபம் எங்கே என்று பெரியவள் அந்த முகத்தில் தேடினாள். கிடைக்கவில்லை. அந்த அம்மாளின் கண் கலங்கியிருந்தது.

"ரெண்டரை மீட்டர் வாங்கினேன். கோட்டுக்கு ரெண்டு பத்து போதும். மிச்சம் நாப்பது வரணும்னு வீட்டுலயே கணக்குப் போட்டுட்டுத்தான் உங்ககிட்ட வந்தேன். நீங்க இல்லன்னீங்க. அவ்வளவு உறுதியாச் சொன்னீங்களா, எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. எங்க வீட்டுக்காரர் இந்தக் கோட்டைப் போடுறப்பல்லாம் சிரிக்கிறார். கணக்கு டீச்சருக்குக் கழிக்கத் தெரியலையாம். இருபத்தாறு வருஷம் சொல்லிக்குடுத்தேன்மா நான். வயசாயிடுச்சு, மூளை மழுங்குதோன்னு, பரீட்சை மார்க்கைக்கூட ரெண்டு தடவை கூட்டிட்டிருக்கேன்."

பெல்ட் போய்விட்டதே என்று அந்த அம்மாள் வருத்தப்பட்டிருப்பார் என்றுதான் பெரியவள் நினைத்திருந்தாள். தன்னுடைய ஒரு வாக்கியம் ஒரு மனுஷியின் மூளைக்குள் புகுந்து மூன்று மாதம் குடைந்திருக்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை. "மன்னிச்சிடுங்க மேடம்" என்றாள். அது வாயிலிருந்து வந்த வாக்கியமில்லை, வயிற்றிலிருந்து வந்தது.

"மன்னிப்பெல்லாம் அப்புறம். முதல்ல சரிபாப்போம்." தலைமை ஆசிரியை ஒரு தாளை இழுத்தார். "அகலம் நூத்தம்பது. பைக்கு எப்படி வெட்டினீங்க? தையலுக்கு விட்டதையும் சேத்துச் சொல்லுங்க."

"முன்பக்கம் முப்பத்திநாலு, பின்பக்கம் முப்பத்திநாலு."

"அறுபத்தெட்டு."

"அடிப்பக்கம் முப்பது. ரெண்டு பக்கவாட்டுக்கும் சேத்து இருபத்தெட்டு."

"நூத்தி இருபத்தாறு. அப்புறம்?"

சின்னவள் டக்கென்று பையைத் திறந்து உள்ளே காட்டினாள். "உள்ள பாக்கெட் மேடம்."

"அது பதினாலு" என்றாள் பெரியவள்.

"நூத்தி நாப்பது. இன்னும் பத்து எங்க?"

பெரியவள் யோசித்தாள். விரலில் எண்ணினாள். நெற்றியைத் துடைக்கக் கையைத் தூக்கியபோது சின்னவள் களுக்கென்று சிரித்துவிட்டாள். பெரியவளின் இடது மணிக்கட்டில், ஓடி வந்த அவசரத்தில் கழற்றாமல் விட்ட ஊசி மெத்தை. உருண்டையாக, கரும்பச்சையில், மஞ்சள் கட்டம் போட்டு, தலைநிறைய குண்டூசியோடு.

"இது பத்து மேடம்" என்று கையை நீட்டினாள்.

"நூத்தம்பது!" தலைமை ஆசிரியை கத்தியது வராந்தா வரைக்கும் கேட்டது. விடைக்குக் கீழே இரண்டு கோடு இழுத்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், கோடு போட்ட அந்த முகம் அப்படியே கலைந்துபோனது. சின்னவளுக்கு அவரை அடிஸ்கேல் என்று சொல்லவே இனி வாய் வராது.

அதே சிரிப்போடு போனை எடுத்து வீட்டுக்கு அடித்தார். "நான்தான். கோட்டுத் துணி கணக்கு. இல்ல, நான் சொல்லல, நீங்க நம்ப மாட்டீங்க. தைச்சவங்களே இங்க இருக்காங்க." போனைப் பெரியவள் கையில் திணித்தார். "சொல்லுங்கம்மா."

பதினாலு வருஷத்தில் யாரிடமும் சொல்லாததை, முகம் தெரியாத ஒருவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. பெரியவள் தொண்டையைச் செருமினாள்.

"சார், மேடம் கணக்கு சரி சார். துணி மிச்சம் இருந்துச்சு. நான்தான் எடுத்துக்கிட்டேன்."

அந்தப் பக்கம் அவர் என்னவோ கேட்டார்.

"எவ்வளவா? நாப்பது சென்டிமீட்டர் சார்" என்றாள் பெரியவள், கேட்காமலே இன்னொரு தடவையும் சொன்னாள். சொல்லச் சொல்ல மீதி மூச்சும் வெளியே வந்தது.