புகைப் பெட்டியை உருக்கியது யார்?

ஐம்பத்திரண்டு வயதில் நான் கார் ஓடப் பழகி லைசென்ஸ் எடுத்ததுதான் எங்கள் பழைய காருக்கு வந்த வருத்தத்துக்குக் காரணம் என்று என் மனுசன் சிவராசா வட்டக்கச்சி முழுக்கச் சொல்லித் திரிந்தார். கோயிலடியில் சொன்னார், சங்கக் கடையில் சொன்னார், கனடாவிலிருக்கும் என் தங்கைக்கும் போன் எடுத்துச் சொன்னார். லைசென்ஸ் எடுத்தபிறகு கார்த் திறப்பு என் கைக்கு வந்தது ஏதோ நாலைந்து தரம்தான். அதற்குள் நான் ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை!

காருக்கு என்ன வருத்தமென்றால், இழுவை இல்லை. நேர் றோட்டில் முனகிக்கொண்டு போகும். குளக்கட்டில் ஏறச் சொன்னால் பாதியில் நின்றுவிடும். காலுக்குக் கீழே தகரம் சுடும். பின்னால் கூழ்முட்டை மணம் வேறு. அந்த மணத்துக்கும் நான்தான் காரணம் என்று சொல்லாத குறை.

மனுசன் செய்யாத வைத்தியம் இல்லை. தேசிக்காய் கட்டினார், பூசணிக்காய் உடைத்துக் கண்ணூறு கழித்தார், என்னைப் பின் சீற்றுக்குத் துரத்தினார். ஒன்றுக்கும் கார் மசியவில்லை. கடைசியில்தான் கிளிநொச்சியில் பிரதீபனின் கராஜுக்குப் போக ஒத்துக்கொண்டார்.

"உன்ர ஓட்டத்தாலதான் எண்டு அவன் சொன்னால், பிறகு திறப்பு எண்ட கதையே எடுக்கக் கூடாது. சரியோ?" என்றார்.

"ஓம். அப்பிடியில்லை எண்டு சொன்னால்?"

"சொல்ல மாட்டான்."

பிரதீபன் வாய் ஓயாத பெடியன். காரைத் தூக்கி, கீழே படுத்து, சைலன்சருக்கு முன்னால் இருந்த ஒரு இரும்புப் பெட்டியைக் கழற்றி எடுத்தான். ஆட்டினான். உள்ளே கலகல என்று ஏதோ உருண்டது.

"அண்ணை, இதுதான் கற்றலிற்றிக் கொன்வேட்டர். புகையைச் சுத்தப்படுத்திற பெட்டி. உள்ளுக்குத் தேன்வதை மாதிரிக் கண் கண்ணா இருக்கோணும். இது உருகி அடைச்சுப் போச்சுது. மூக்கைப் பொத்திக்கொண்டெல்லோ உங்கட கார் இவ்வளவு நாளும் ஓடியிருக்கு!"

"பாத்தியோ?" என்று மனுசன் என் பக்கம் திரும்பினார். "கியர் மாத்தத் தெரியாமல் உருக்கிப்போட்டாய்."

"பொறுங்கோ அண்ணை. எண்ணெய் சரியா எரியாட்டித்தான் இப்பிடி வாறது. ஏன் எரியேல்லை எண்டு பாக்கோணும்."

"இவள் கிளச்சை மிதிச்சு மிதிச்சு எரிய விட்டிருக்க மாட்டாள். வேறென்ன!"

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பெட்டியைத் தூக்கி அவருடைய தலையில் போட்டிருப்பேன். நல்லவேளை, தேத்தண்ணி வந்தது.

உழவு மெசின் திருத்த வந்திருந்த ஒரு வயசாளி பக்கத்து மர வாங்கில் இருந்தார். தேத்தண்ணியை உறிஞ்சியபடி, "இப்ப எல்லாம் லேசு தம்பி. சண்டை நேரம் எண்ணெய்த் தடை போட்ட காலத்தில நாங்கள் மோட்டார் சைக்கிள் ஓடின பாடு உங்களுக்கு எங்க தெரியும்?" என்று பிரதீபனிடம் சொன்னார்.

அந்தக் கதை தொடங்கினால் வன்னியில் எந்த ஆம்பிளை சும்மா இருப்பான்? என் மனுசன் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒரு மூடி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணுவன். பிறகு முழுக்க மண்ணெண்ணெய்தான். புகையில பின்னுக்கு இருக்கிற ஆளைத் தெரியாது!" என்றார்.

"அது மோட்டார் சைக்கிள். காருக்கு உது சரிவராது" என்றார் வயசாளி.

"ஆர் சொன்னது?" மனுசன் எழும்பியே விட்டார். "இந்தா நிக்குது கார்! பெற்றோலுக்கு வரிசையில நிண்ட வருசம் தொடங்கி இண்டைவரைக்கும் பாதிக்குப் பாதி மண்ணெண்ணெய். கலக்கத் தெரியோணும் ஐயா, கலக்க!"

பிரதீபனின் கையிலிருந்த ஸ்பனர் கீழே விழுந்தது. "அண்ணை, இன்னொருக்காச் சொல்லுங்கோ?"

மனுசன் திரும்பக் கதிரையில் குந்தினார். அப்போதுதான் தான் என்ன சொன்னார் என்று அவருக்கே விளங்கியிருக்க வேண்டும்.

"சொல்லுங்கோவன்! கோயிலடிக்கும் கேக்கக் கூடியதாச் சொல்லுங்கோ!" என்றேன் நான்.

"எரியாத எண்ணெயெல்லாம் இதுக்குள்ள வந்து எரிஞ்சால், பெட்டி உருகாமல் என்ன செய்யும்? அக்காவில ஒரு பிழையும் இல்லை" என்றான் பிரதீபன்.

"சரி சரி. அதை எறிஞ்சுபோட்டு வெறும் குழாயைப் பூட்டு."

"புகைச் சோதனையில மறிப்பாங்கள் அண்ணை. இனி மண்ணெண்ணெய் குசினி அடுப்புக்கு மட்டும்!"

வவுனியாவிலிருந்து பஸ்ஸில் வேறொரு பெட்டி வரும்வரை அந்த வாங்கில் நாங்கள் இருவரும் காத்திருந்தோம். நான் விடுவேனா?

"வரிசை முடிஞ்சு எவ்வளவு காலம்! பிறகும் ஏன் கலந்தனீங்கள்? கஞ்சத்தனமோ?"

மெல்லச் சொன்னார். "மிச்சம் பிடிச்ச பெற்றோல் கான்களில இருக்கு. நெல்லு மூட்டைக்குப் பின்னால."

"ஐயோ! வீட்டுக்குள்ளயோ? என்னத்துக்கு?"

"திரும்பவும் சண்டை வந்து, திடீரெண்டு ஊரை விட்டு வெளிக்கிட வேண்டி வந்தால்? போனமுறை எண்ணெய் இல்லாமல் அம்மாவைச் சைக்கிளில வைச்சு உருட்டினனான்."

அந்தச் சைக்கிளுக்குப் பின்னால் உடுப்பு மூட்டையோடு நடந்தவள் நான்தான். அழுகை வந்தது. இத்தனை நாளும் நெருப்புக்குப் பக்கத்தில் படுத்திருந்தோமே என்று கோபமும் வந்தது.

"நாளைக்கே அந்தக் கான்களை வெளியில எடுக்கிறியள்," என்றேன். "சரி, அப்பிடியொரு நாள் வந்தால் ஆர் ஓடுறது? பொழுதுபட்டால் முன்னால எருமை நிண்டாலும் உங்களுக்குத் தெரியாது."

பிரதீபன் வேலை முடித்துக் காரை இறக்கியதும், அவர் சேட்டின் நெஞ்சுப் பையிலிருந்து திறப்பை எடுத்து என் கையில் வைத்தார். மற்றப் பக்கம் போய் ஏறிக் கதவைச் சாத்தினார். நான் ஸ்ராட் பண்ணப் போனேன்.

"பொறு," என்றார். "பொழுது படட்டும். இருட்டிலயும் ஓடிப் பழகோணும்."