தீவன மூட்டையும் சம்பளம்தான்

...அப்படியென்றால் பால் வண்டியில் அவர் தூக்கிய கேன்களெல்லாம் கணக்கிலேயே வராதா, வராதென்றுதான் கல் பட்டறைக்காரர்களின் வக்கீல் சொல்கிறார், பட்டறையில் கல் சாய்ந்து செத்தவருக்குப் பட்டறைச் சம்பளத்தை வைத்து மட்டும்தான் இழப்பீடாம்... தொழிலாளர் அலுவலகத்துப் பெஞ்சில் கோகிலவாணி காகித உறையை மடியில் இறுக்கிக்கொண்டாள். பதினொரு மாதம், இண்டூரிலிருந்து இது ஆறாவது நடை, இன்று விடுவதில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து ஏழு மணிவரை ஊர் ஊராகக் கேன் ஏற்றினாரே அவள் வீட்டுக்காரர் மாதேஸ்வரன், அது வேலை இல்லையா, பொழுதுபோக்கா? பால் வண்டிக்காரர் பச்சியப்பன் பணமாகக் கொடுத்தது பாதிதான், மீதிக்கு மாதம் மூன்று மூட்டை மாட்டுத் தீவனம், அதனால் முதல் மனுவில் அவளே அதை எழுதவில்லை, மாடு தின்றதை யார் சம்பளம் என்று நினைப்பார்கள்... அந்த மாட்டுப் பாலில்தானே மகள் கவிப்பிரியா நர்சிங் படிக்கிறாள். நேற்று பச்சியப்பன் வாசலில் போய் நின்றாள். “எழுதிக் குடுத்துடறன் கோகிலா, தீவனத்தெ சம்பளம்னு எழுதுனா ஆபீசருங்க சிரிப்பாங்களே” என்றார். “சிரிச்சா சிரிக்கட்டுங்கண்ணா, மூட்டைக்கு வெல போட்டு எழுதுங்க.” எழுதிவிட்டார், கையெழுத்தோடு.

அவளுடைய வக்கீல் பிரியதர்ஷினி பக்கத்தில் வந்து உட்கார்ந்து அந்தக் காகிதத்தைப் படித்தாள். “அக்கா, இதெக் குடுத்தா தொகை கூடலாம். ஆனா மூணு மணிக்கு எந்திரிச்ச ஆளு, பட்டறையில கண்ணசந்துட்டாரு, தப்பு அவரு மேலதான்னு திருப்புவாங்க. எத்தன மணிக்குப் படுப்பாருன்னு கேப்பாங்க, என்ன சொல்லுவீங்க?” “குடுங்கம்மா. ரெண்டு வேலையும் செஞ்சாரு, ரெண்டையும் சொல்லுவன்.” சொல்லிவிட்டாள்தான்... எத்தனை மணிக்குப் படுப்பார்? ஆறு மணிக்குப் பட்டறை விடும், வீடு வர ஏழரை, மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிப் போடுவார், சாப்பாடு, பத்தரை, சில நாள் பதினொன்று... அப்படியானால் நாலு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை? பாலுக்கு ஏது ஞாயிறு. பஸ்ஸில் தூங்குவார், ஆமாம், கம்பியைப் பிடித்து நின்றபடியே, ஒரு நாள் பட்டறை இருக்கிற நல்லம்பள்ளியில் இறங்காமல் தாண்டிப்போய், “யோவ், இதென்ன உன் மாமியா வூடா?” என்று கண்டக்டர் கத்தினாராம், அதை அன்று ராத்திரி நடித்தே காட்டினார், கண்ணைச் சொருகி, தலையைத் தொங்கவிட்டு, கவிப்பிரியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்...

உள்ளே பெயரைக் கூப்பிட்டார்கள். கோகிலவாணி எழுந்தாள், கால் உறுதியாகத்தான் இருந்தது, கேட்கட்டும், எதை வேண்டுமானாலும் கேட்கட்டும், மூட்டைக்கு மூட்டை பதில் சொல்வாள்... அவர் அப்படித் தூங்கி நடித்துக் காட்டியது எந்த வாரம்? கல் சாய்வதற்கு முந்தின வாரமா, அந்த வாரமேதானா? அவளும்தான் சிரித்தாள். இன்னொரு தடவை செய்து காட்டுங்க என்று கேட்டது அவள்தான்.