நாற்பத்து மூன்று கிலோவுக்கு முதுகு வலி

என் கணவர் ரேமோனின் எடை நூற்றுப் பதினெட்டு கிலோ. என் எடை நாற்பத்து மூன்று. எங்கள் வீட்டில் முதுகு வலி அவருக்கு மட்டும்தான் சொந்தம். பிரெஞ்சு ராணுவத்திலிருந்து அவருக்கு வரும் பென்ஷனைப் போல, அதில் வேறு யாரும் பங்கு கேட்க முடியாது.

பட்டாளத்தை விட்டு முப்பது வருஷம் ஆகியும் நிற்பதில் மட்டும் மனிதருக்குப் பெரிய வீறாப்பு. தலையைப் பின்னால் சாய்த்து, வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு நிற்பார். இடுப்புக்கு மேலே முதுகு குழிந்து கிடக்கும். அதற்குப் பெயர் நிமிர்ந்து நிற்பதாம். இந்த நவம்பர் பதினொன்றாம் தேதி, முதல் உலகப் போர் முடிந்த நாளின் அஞ்சலியில், போர் நினைவுத் தூணுக்கு முன்னால் கொடி பிடிக்க முன்னாள் வீரர்கள் சங்கம் இவரைத் தேர்ந்தெடுத்துவிட்டது. அன்றிலிருந்து காலையும் மாலையும் ஒட்டடைக் கம்பைப் பிடித்துக்கொண்டு ஒத்திகை. ஐந்து நிமிஷத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சாய்வார். நான் தாங்கிக்கொள்ள வேண்டும்.

தலத்தெருவில் பிசியோதெரபி பார்க்கும் அமலனிடம் போனோம். வயிறு முன்னால் இழுக்கிறது, விழாமலிருக்க முதுகு பின்னால் வளைகிறது, அங்குள்ள தசை நாள் முழுக்க இழுபட்டு நோகிறது என்று அவர் பொறுமையாக விளக்கினார். எடையைக் குறைக்க வேண்டும், தினம் நடக்க வேண்டும், இப்படி வளைந்து விறைப்பாக நிற்கக் கூடாது என்றார். பட்டாளத்தில் தன்னை யாரும் கூனச் சொன்னதில்லை என்று இவர் பதில் சொன்னார். வெண்ணெய் ரொட்டியைக் குறைக்கச் சொன்னது மட்டும் காதில் விழவில்லை.

கிளம்பும்போது வழக்கம்போல நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினார். வயிறு மறைப்பதால் அவர் தன் பாதத்தைப் பார்த்தே பல வருஷம் ஆகிறது. நான் குனிந்து ஷூ லேஸைக் கட்டிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். அமலன் அதைக் கவனித்துவிட்டார்.

"உங்களுக்கு எத்தன வருஷமாம்மா வலிக்குது?"

என்னை யாரும் கேட்டிராத கேள்வி. பதினைந்து வருஷம் என்று சொல்வதற்குள் கண் கலங்கிவிட்டது. ரேமோன் சிரித்தார்.

"அவளுக்கென்ன கனம் இருக்கு, முதுகு வலிக்க?"

அமலன் சிரிக்கவில்லை. கனம் சொந்த உடம்பில்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை என்றார். தினமும் உங்களைக் கட்டிலிலிருந்து தூக்கிவிடுவது யார் என்று இவரிடம் கேட்டார். என்னைத் தனியாக ஒரு நாள் வரச் சொன்னார், அதுவரை யாருக்காகவும் குனிய வேண்டாம் என்றார். ஆட்டோவில் வழியெல்லாம் ரேமோன் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். ஒல்லியான பொம்பளைக்கு முதுகு வலித்தால் அது வேலைக்கள்ளத்தனம் என்பது அவருடைய மருத்துவக் கண்டுபிடிப்பு.

பதினொன்றாம் தேதி காலை கோட்டு, பதக்கம் எல்லாம் ஆயிற்று. உட்கார்ந்து காலை நீட்டினார். நான் எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அவரே குனிந்து பார்த்தார். விரல் முழங்காலைத் தாண்டவில்லை. வாசலில் நிற்கும் ஆட்டோக்காரர் ஜவஹர் அலியைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். வெளியாள் பார்த்தால் மானம் போய்விடுமாம். என் முதுகு போனால் பரவாயில்லை போலும். கடைசியில் கோட்டுக்குக் கீழே ரப்பர் செருப்போடு கிளம்பினார்.

நினைவுத் தூணடியில் சங்கத் தலைவர் ழெரோம் செருப்பைப் பார்த்துவிட்டு விசாரித்தார்.

"ரோசலிக்கு இன்னைக்குச் சோம்பல்" என்றார் என் வீட்டுக்காரர்.

நாலு பேர் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தூணுக்கு மலர் மாலை வைத்தார்கள். பிறகு ஒரு நிமிஷ மௌனம். எல்லோரும் எழுந்தார்கள். நான் முன் வரிசையில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். தலைவரின் மனைவி மாரிலின் என் தோளைத் தொட்டு எழுந்திருக்கச் சொல்லிச் சைகை காட்டினாள்.

"என்னால நிக்க முடியாது மாரிலின். இவருக்குப் பதினஞ்சு வருஷமா ஷூ மாட்டி மாட்டி என் முதுகு போச்சு."

மெதுவாகத்தான் சொன்னேன். அந்த அமைதியில் கடைசி வரிசை வரை கேட்டுவிட்டது. தலை குனிந்து நின்றவர்களின் கண்ணெல்லாம் ரப்பர் செருப்புக்குப் போயிற்று. ரேமோனின் பின்கழுத்தில் வியர்வை வழிந்தது. திரும்பி என்னை முறைக்க எவ்வளவு துடித்திருப்பார். ஆனால் கொடி பிடித்தவர் அசையக் கூடாது.

இன்னும் அரை நிமிஷம் பாக்கி இருந்தது. நான் முதுகை நன்றாகச் சாய்த்து உட்கார்ந்துகொண்டேன்.