மூன்றாவது பிஸ்டன்

கணக்கு வாத்தியாரின் டீசல் காருக்கு வயது இருபத்திரண்டு. தன்னைத் தவிர வேறு கை அதன் மேல் பட்டதில்லை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். அந்தக் கார் ஒரு மாதமாக வெள்ளைப் புகையைக் கக்கியது. காலையில் ரேடியேட்டரில் ஊற்றிய தண்ணீர் சாயங்காலத்துக்குள் மாயமானது. வேறு வழியில்லாமல் மச்சான் பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினார். மனைவியின் அண்ணன்தான் மெக்கானிக்.

ஆயில் மூடியைத் திறந்ததுமே மச்சான் உதட்டைப் பிதுக்கினார். உள்ளே பால் விட்ட காப்பி மாதிரி நுரை.

"ஹெட் கேஸ்கெட் போச்சு மாப்ள. தண்ணியும் ஆயிலும் ஒண்ணுக்குள்ள ஒண்ணாயிடுச்சு."

ஞாயிற்றுக்கிழமை இருவருமாக இன்ஜினின் மேல்பகுதியைக் கழற்றித் தூக்கினார்கள். அடியில் இருந்த கேஸ்கெட் தகடு மூன்றாவது சிலிண்டர் ஓரத்தில் கருகி, எலி கடித்ததுபோல் அரித்துப்போயிருந்தது. புதுத் தகடு பல தடிமன்களில் வரும். எது பொருந்தும் என்று தெரிய, ஒவ்வொரு பிஸ்டனும் எவ்வளவு மேலே எழும்புகிறது என்று அளக்க வேண்டும். மச்சான் கடிகாரம் போன்ற அளவுமானியை வைத்துச் சொல்லச் சொல்ல, மில்லிமீட்டரில் பத்தில் எத்தனை பங்கு என்று வாத்தியார் அட்டைத் துண்டில் குறித்தார். ஒன்பது. ஒன்பது. ஐந்து. ஒன்பது.

"மூணாவது தப்பு மச்சான். திரும்ப வைங்க."

மூன்று தடவை வைத்தும் ஐந்துதான்.

மச்சான் மானியைக் கீழே வைத்துவிட்டு அவரை உற்றுப் பார்த்தார். "பிஸ்டனைத் தாங்குற ராட் வளைஞ்சிருக்கு. ஓடிட்டிருந்த இன்ஜினுக்குள்ள தண்ணி போனாத்தான் இப்படி ஆகும். வெள்ளத்துல விட்டீங்களா?"

"நானா? தூறல் விழுந்தாலே நான் வண்டியை எடுக்கிறதில்ல!"

"அப்போ யாரு எடுத்தா?"

"யாரு எடுப்பா? அப்பாவுக்குக் கண்ணு தெரியாது. உங்க தங்கச்சிக்கு ஓட்டத் தெரியாது."

வீட்டில் யாராவது இரவல் கொடுத்தார்களா என்று கேட்க, வாத்தியார் மனைவிக்குப் போன் போட்டு, மச்சானுக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினார்.

"வண்டி தண்ணி குடிச்சிருக்காம். யாருக்காவது குடுத்தியா?"

மறுமுனையில் மெல்லிய குரல்: "குடுக்கல. நான்தான் ஓட்டினேன்."

வாத்தியார் போனை இன்னும் கிட்டே பிடித்தார்.

"போன மழைக்கு நீங்க பரீட்சை வேலையா வெளியூர் போயிருந்தீங்கல்ல? மாமாவுக்கு நெஞ்சுவலி வந்துச்சே, அன்னிக்கு. ஆம்புலன்ஸ் வரவே இல்லைங்க. ரயில் பாலத்துக்குக் கீழ தண்ணி. நடுவுல நின்னுடுச்சு. இறங்கி, அங்க நின்னவங்களோட சேர்ந்து மேட்டுக்குத் தள்ளி, அப்புறம் ஸ்டார்ட் பண்ணேன். கடகடன்னு சத்தம் போட்டுக்கிட்டே ஆஸ்பத்திரி வரைக்கும் வந்துடுச்சு."

"ஆம்புலன்ஸ்ல போனதாத்தானே சொன்னீங்க?"

போன் கை மாறியது. "நான்தான்டா சொல்ல வேணாம்னேன்," என்றார் அப்பா. "உன் வண்டியில ஒரு கீறல் விழுந்தாலே நாலு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருப்ப. அவ எடுக்கலைன்னா இப்போ நான் இல்லடா."

மச்சான் போனைப் பிடுங்கினார். "ஏய், உனக்கு ஓட்டக் கத்துக் குடுத்தது யாரு?"

"யாரும் இல்லண்ணே. கல்யாணத்துக்கு முன்னாடி, மத்தியானம் நீ சாப்பிட்டுத் தூங்குவியே, அப்போ பட்டறையில நிக்கிற வண்டிங்களை எடுத்துப் பழகினேன்."

மச்சான் பழைய டயர் மேல் பொத்தென்று உட்கார்ந்தார். "ஊரான் வண்டிங்களையா!"

வாத்தியார் திறந்து கிடந்த இன்ஜினையே பார்த்துக்கொண்டு நின்றார். வண்டி கடகடத்தபோது, வயசாகிவிட்டது என்றல்லவா நினைத்தார்! எட்டு மாதம் ஒரே வீட்டில், ஆரஞ்சை உரித்துப் பாதியை அவருக்குக் கொடுத்துக்கொண்டே, இதை அவள் மென்று முழுங்கியிருக்கிறாள்.

வீட்டுக்குப் போனதும் கேட்டார்: "எவ்வளவு ஆழம்?"

அவள் தொடையில் கையை வைத்துக் காட்டினாள். வாத்தியார் பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

புது ராட் மாற்றி, மேல்பகுதியைக் கடைசல் பட்டறையில் கொடுத்துச் சமப்படுத்தி, புதுத் தகடு வைத்து முடுக்கப் பத்து நாள் ஆனது. எடுக்கப்போன அன்று வாத்தியார் அவளையும் கூட்டிப்போய், சாவியை நீட்டினார். கார் நின்றது இரண்டு லாரிகளுக்கு நடுவில்; இரு பக்கமும் ஆள் ஒருக்களித்துப் போகிற இடம்தான். அவள் கண்ணாடியை ஒரு தடவை பார்த்தாள். ஒரே மூச்சில் பின்னால் எடுத்துத் தெருவில் நிறுத்தினாள். புகையும் இல்லை.

"நானே இங்க மூணு தடவை முன்ன பின்ன போவேன்," என்று முணுமுணுத்தார் மச்சான்.

வாத்தியார் வாயைப் பிளந்தபடி இன்னும் பட்டறை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அவள் ஹார்ன் அடித்தாள்.